கண்ணசராத கம்ப்யூட்டரும் சிதம்பரத்தம்மாள் மண்டபமும்

புளியங்குடியில் எலுமிச்சை லாரிகள் நிற்கிற காலி மனையில், இடித்துத் தள்ளி எத்தனையோ காலமாகிவிட்ட சிதம்பரத்தம்மாள் கல்யாண மண்டபம் ஒரு புதன்கிழமை மத்தியானம் திரும்பவும் வந்து நின்றது. வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, வாசலில் பன்னீர்ச் செம்போடு வந்து நின்ற அந்த மண்டபத்தை முதலில் பார்த்த லாரி டிரைவர் செய்த ஒரே காரியம், வண்டியை நாலடி பின்னால் எடுத்து, வாழைமரத்தில் இடிக்காமல் நிறுத்திவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு பந்திக்குப் போனதுதான். பந்தி முடிந்துவிட்டது, பாயசம் மட்டும்தான் இருக்கிறது என்றார்களாம். பாயசத்தில் முந்திரி தாராளம் என்று பிறகு டீக்கடையில் வந்து சொன்னார்.

எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அந்த ஊரில் யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. எல்லாம் முப்பிடாதி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் பாதி வேலையில் தூங்கிப் போவதில் ஆரம்பித்தது. அண்ணாச்சி 'கண்மணி வீடியோ' என்று கடை வைத்துக்கொண்டு, ஊரில் பரணில் கிடக்கிற பழைய கல்யாண கேசட்டுகளை எல்லாம் ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பவர். கேசட் ஓடி முடிய வெகுநேரம் ஆகும். அதற்குள் யாரும் தொடவில்லையே என்று கம்ப்யூட்டர் தூங்கிவிடும், தாலி கட்டுகிற இடத்தில் மேளத்தோடு எல்லாம் நின்றுபோகும். அதற்கு அண்ணாச்சி கண்டுபிடித்த வைத்தியம், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் போட்டு அதன் மேல் மவுஸைக் கவிழ்த்து வைப்பது. கீழே வினாடி முள் ஓட ஓட, யாரோ கைவைத்து அசைக்கிறார்கள் என்று நம்பி அந்தப் பாவப்பட்ட இயந்திரம் விழித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து கடையநல்லூர் கல்யாணம் ஒன்று பாதியில் நின்று, பெண்ணின் அண்ணன்மார் வந்து சத்தம் போட்டபிறகுதான் அண்ணாச்சி உலகம்மையைத் தேடிப் போனார்.

உலகம்மை வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லை. அத்தை வேலம்மாள் மட்டும் நாலு தெரு தள்ளி இருந்தாள். அண்ணாச்சி வந்து கடிகாரக் கதையைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மவுஸை ஏமாத்த வேண்டாம் அண்ணாச்சி. கேட்டா அதுவே கேக்கும்" என்றாள்.

கம்ப்யூட்டர் ஒன்றும் பொல்லாத பிறவி இல்லை என்று அவருக்கு விளக்கினாள். யாரும் தொடாமல் கிடந்தால், சரி, வீட்டுக்காரர்கள் படுத்துவிட்டார்கள் போல என்று முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு திரையைப் பூட்டும், பிறகு தானும் தூங்கும். அதில் ஓடுகிற சாஃப்ட்வேர், 'எனக்கு வேலை இருக்கிறது, நீ தூங்காதே' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் தூங்காமல் இருக்கும். 'திரையையும் அணைக்காதே' என்று இன்னொரு வார்த்தை கேட்டால் அதையும் செய்யும். ஆனால் இதில் ஒரு மரியாதை உண்டு. கேட்டவர்களே, வேலை முடிந்ததும், 'சரி, இனி நீ தூங்கலாம்' என்று சொல்லி விடுவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது பாட்டுக்குக் கண்விழித்துக்கொண்டே கிடக்கும்.

உலகம்மை அண்ணாச்சிக்கென்று ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தாள். கல்யாணத்துக்காரர்கள் திரை முன்னால் உட்கார்ந்து பார்த்து அழுவார்கள் என்று இரண்டு வார்த்தைகளையும் கேட்க வைத்தாள். படம் ஓடி முடிகிற இடத்தில் விடுவிக்கிற வார்த்தையையும் வைத்தாள். நடுவில் யாராவது படத்தை நிறுத்தி வைத்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் மனுஷி தானே.

அந்த சாஃப்ட்வேரில் ஓடவிட அவள் கொண்டுபோய்க் கொடுத்த முதல் கேசட், வேலம்மாள் அத்தையின் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்துக்கு உலகம்மை போகவில்லை. அவளுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அப்பா ஆவுடையப்பன் பஸ் கண்டக்டர், பெண்ணுக்கு ஒரே அண்ணன், அவர் இல்லாமல் காரியம் நடக்காது என்று முன்கூட்டியே மண்டபத்துக்குப் போய்விட்டார். அம்மா வீட்டில் வேப்பிலையோடு இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்தன்று தூரத்தில் கேட்ட மேளத்தைப் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டு, எல்லாரும் போய்விட்டார்களே, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. சாயங்காலம் அப்பா வந்தார். மண்டபத்தில் படுத்து எழுந்து அப்படியே ஓடிவந்திருந்தார் போல, ஒரு கன்னம் பூராவும் ஜமக்காளத்தின் நெசவுக் கோடு பதிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தார். அம்மா, "சொறியாதட்டி, மூஞ்சில வடு விழுந்துரும்" என்று அதட்டிக்கொண்டிருந்தபோது, "விழுந்தா விழுந்துட்டுப் போகுது, நல்லாத்தான் இருக்கும்" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று அம்மாவுக்கும் புரியவில்லை, இவளுக்கும் புரியவில்லை. அடுத்த ஆடிக்குள் மஞ்சள்காமாலை வந்து அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா என்றால் உலகம்மைக்கு அந்தச் சாயங்காலம்தான், அந்தக் கன்னம்தான், அந்தக் கோடுதான். மனசு சரியில்லாத போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஆகவே கேசட் ஓடி, பந்தி முடிந்து, மண்டபத் தூண் ஓரமாகத் தோளில் மடித்த ஜமக்காளத்தைப் போட்டுக்கொண்டு அப்பா நடந்துவந்தபோது, அவள் "அண்ணாச்சி, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டாள். அண்ணாச்சி பதறிப்போய் நிறுத்தினார். அதே சமயம், பூஞ்சை பிடித்த கேசட்டின் நாடா டெக்குக்குள் சிக்கி அறுந்தது. அறுந்த நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நிற்க, திரையில் அப்பா நிற்க, நிறுத்தி வைத்ததையும் ஒரு வேலை என்று எண்ணிக்கொண்டு சாஃப்ட்வேர் அந்தக் கம்ப்யூட்டரைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்க, பின் தெருவில் லாரிகள் நிற்கிற காலி மனையிலிருந்து நாதஸ்வரம் கேட்டது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல்நாள் கொஞ்சம் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. மறுநாள் மொய் எழுதலாமா கூடாதா என்று பேச்சு வந்தது, ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று பெரியவர்கள் தீர்த்து வைத்தார்கள். அதற்கப்புறம், கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற இடமாக அது ஆகிவிட்டது. செத்துப்போன பெரியம்மாவுக்குப் பிடித்த பிச்சிப்பூவை வாங்கிக்கொண்டு போனார்கள், சண்டைபோட்டுப் பிரிந்து பேசாமலே போய்ச்சேர்ந்த தம்பியிடம் போய்ப் பேசினார்கள், கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் அம்மா பாவாடை தாவணியில் கோலிசோடா குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் கேலி செய்தார்கள், வயதானவர்கள் தங்கள் கறுப்பு முடியைத் தாங்களே தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. பெண் வீட்டார், வந்தவர்களை மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் அதுதானே வழக்கம்.

சில கட்டுப்பாடுகள் தாமாகவே வந்தன. செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருப்பவர்களிடம் பின்னால் நடக்கப்போவது எதையும் சொல்லக்கூடாது. பாயசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவரக் கூடாது, அங்கேயே குடிக்கலாம். லாரிக்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறிக்கொண்டார்கள். சுகாதாரத் துறை ஆள் ஒருவர் வந்து பாயசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

கம்ப்யூட்டரை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கரண்ட் போனால் மண்டபம் போய்விடுமே என்று யார் யாரோ யுபிஎஸ் கொண்டுவந்து வைத்தார்கள், ஆட்டோக்காரர்கள் பேட்டரி கொண்டுவந்தார்கள், லைன்மேன் பராமரிப்புக்கு முன்னால் கடைக்கு வந்து "அண்ணாச்சி, பேட்டரி ஃபுல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃபியூஸைப் பிடுங்கினார். யாரோ திரைக்கு மேலே கண்ணேறு கழிய எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார்கள். சாஃப்ட்வேரே அதைத் தூங்கவிடாது என்று உலகம்மை எத்தனை தரம் சொன்னாலும் நம்பாமல், கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் போகிற போக்கில் மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள். கோயில் மணியை அடிப்பது போல அது ஒரு பழக்கமாகிப் போனது.

உலகம்மை கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்துப் போனாள். தூணோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவள் இப்போது அவரைவிட வயதில் மூத்தவள். மீசை அவ்வளவு கறுப்பாக இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள்.

"வாங்கக்கா. சாப்ட்டாச்சா? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களா?" என்றார்.

அக்கா! கேட்டீர்களா கொடுமையை. அப்பா என்று கூப்பிட முடியாது, தம்பி என்று கூப்பிட நாக்கு வராது. பேரும் முறையும் இல்லாமல், "ஆமா, சாப்ட்டாச்சு" என்றாள்.

"அப்பம் இந்த ஜமக்காளத்து முனையக் கொஞ்சம் பிடிங்களேன். ராத்திரி பூரா ஒருத்தரும் தூங்கல, எல்லாரும் காய் வெட்டுன கையோட நிக்காவ. விரிச்சிட்டா செத்த நேரம் படுப்பாவ."

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் விடிய விடிய உட்கார்ந்து காய் வெட்டுவது அந்த ஊர் வழக்கம். மறுநாள் பந்தி முடிந்ததும் ஜமக்காளத்தை விரித்து அத்தனை பேரும் ஒரு கோழித்தூக்கம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். உலகம்மை முனையைப் பிடித்தாள். மடிப்பு பிரியவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், உதறிப் பார்த்தார்கள், ஊஹும். நிறுத்தி வைத்த நிமிஷத்துக்குள் எதுவும் முடியாது அல்லவா. கொட்டாவி விடுகிறவர்களுக்குக் கொட்டாவி முடியவில்லை, தொட்டிலில் சிணுங்குகிற பிள்ளைக்குக் கண் செருகவில்லை, ஜன்னல் வெயில் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"சரி, பெறகு பாப்போம்" என்று அப்பா ஜமக்காளத்தைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த தடவை அவள் போனபோதும், "வாங்கக்கா, சாப்ட்டாச்சா?" என்றுதான் ஆரம்பித்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. வேலை முடிந்ததும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவளாகவே நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு விட்டுப்போன கல்யாணத்துக்கு ஈடாக நாள் தவறாமல் போய்வந்தாள். சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் அலுத்துக்கொண்டது வேலம்மாள் அத்தைதான். மணமேடையில் உட்கார்ந்திருக்கிற தன்னையே பார்த்துவிட்டு வந்தவள், உலகம்மை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ள கண்ணப் பாத்தியா? கோவப்பழமா செவந்து கெடக்கு. அன்னைக்கி எனக்கு எப்படா தலையச் சாய்ப்போம்னு இருந்துது. இன்னும் அப்பிடியே உக்காந்திருக்கா பாவி."

"அத்தே, அது நீங்கதான்."

"அதான் சொல்லுதேன். என் இடுப்பு எனக்குத் தெரியாதா? இன்னொண்ணு கேளு. அன்னைக்கி சாயங்காலம் நான் மாமா வீட்டுக்கு எதுல போனேன்? காரா, வில்வண்டியா? காலையில இருந்து யோசிக்கேன், வரமாட்டேங்குது. ஒன் மாமாட்டக் கேட்டேன், அவருக்கும் தெரியல. மத்தியானம் வரைக்கும் அச்சடிச்ச மாதிரி இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமேயில்ல."

"வயசாச்சுல்லா அத்தே" என்று உலகம்மை சிரித்தாள். ஆனால் அத்தை போனபிறகு சும்மா இருக்க முடியாமல், தன்னுடைய அந்தச் சாயங்காலத்தை எடுத்துப் பார்த்தாள். வேப்பிலை இருந்தது. தலையணை இருந்தது. தூரத்து மேளம் இருந்தது. அம்மா விசிறிக்கொண்டு இருந்தாள். வாசல்கதவு சாத்தியபடியே இருந்தது. அப்பா வரவில்லை.

திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வேப்பிலை, தலையணை, மேளம், அம்மா, கதவு. இப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஏதோ இருக்குமே, என்ன அது? எதையோ தலைமாட்டில் வைத்தாரே, ஏதோ சொன்னாரே, அம்மா கூடத் திட்டினாளே. ஒன்றும் வரவில்லை. அவர் எப்படி வருவார்? மண்டபத்தைவிட்டு இன்னும் கிளம்பவே இல்லையே. அவரைத்தான் நாம் தூணோரம் நிறுத்தி வைத்திருக்கிறோமே.

விசாரித்தபோது இன்னும் பல வீடுகளில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கல்யாணத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அன்று சாயங்காலம் காணாமல் போயிருந்தது. சிலருக்கு மறுநாளும் கரையத் தொடங்கியிருந்தது.

ஊர் கூடிப் பேசியது. கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் யாரோ, உலகம்மைதான் இரண்டு வார்த்தை கேட்டிருப்பதாகச் சொல்கிறாளே, திரையை மட்டும் அணைய விட்டுவிட்டு இயந்திரத்தை விழித்திருக்க வைக்கலாமே, பாதி விட்டமாதிரியும் ஆச்சு, பாதி வைத்தமாதிரியும் ஆச்சு என்றார்கள். அவளும் அப்படியே செய்தாள். திரை இருண்டது. மண்டபம் மறைந்தது. ஆனால் காலி மனையில் சத்தம் அப்படியே இருந்தது. தொட்டில் பிள்ளை வெறும் வெயிலில் சிணுங்கியது, கண்ணுக்குத் தெரியாத மின்விசிறி கிறீச்சிட்டது, "யாராவது இந்த முனையப் பிடிங்களேன்" என்று அப்பாவின் குரல் இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து இங்கே வந்தது. லாரிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தப் பயந்தார்கள். அந்தத் தெருப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். பார்க்காமல் கேட்பது பார்ப்பதைவிடப் பெரிய சித்திரவதை என்று இரண்டு நாளிலேயே தெரிந்துபோனது. உலகம்மை திரையைத் திரும்ப ஏற்றிவிட்டு, கையோடு மண்டபத்துக்குப் போனாள்.

"வாங்கக்கா, சாப்ட்டாச்சா?" என்றார் அப்பா.

"நீங்க வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் கேட்காத கேள்வி அது.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பையில் எலுமிச்சம்பழம் புடைத்துக்கொண்டிருந்தது. "போணும்க்கா. வீட்ல பிள்ளைக்கு அம்ம போட்டிருக்கு. கல்யாணத்துக்கு நானும் வருவேன்னு ஒரே அழுக. இதக் கொண்டுபோய்க் குடுக்கணும். ஆனா என்னமோ தெரியல, கெளம்பணும் கெளம்பணும்னு நிக்கேன், காலு நகரமாட்டேங்குது. பிள்ள வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பா."

"ஆமா" என்றாள் உலகம்மை. "பாத்துக்கிட்டேதான் கெடக்கா."

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். முப்பிடாதி அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து மேஜைக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அவர் சங்கதி வேறு. அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்தது அவருடைய அண்ணன் கந்தையா. ஊர் முழுக்க எடுத்த மனுஷன், ஒரு கேசட்டிலும் அவர் முகம் கிடையாது, கேமராவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தவர். மண்டபத்துக்குள் போனால் மட்டும் தோளில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி" என்றார் அண்ணாச்சி. "எனக்கு அண்ணன் போட்டோகூடக் கெடையாது."

"அவுக ஒங்ககிட்ட என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?"

"தோளு கடுக்குதுன்னு சொல்லுதான். கேமராவ எறக்கி வைக்கணும்ங்கான். எத்தன தடவ போனாலும் அதத்தான் சொல்லுதான்" என்றவர், சின்னப் பிள்ளையைப் போல மூக்கை உறிஞ்சினார். பிறகு விலகி வழிவிட்டார்.

அவள் சாஃப்ட்வேரைத் திறந்து, முன்பே எழுதியிருக்க வேண்டிய அந்த வரியை எழுதினாள். நிறுத்தி வைத்தாலும் விடுவி. இரண்டு வார்த்தைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். இனிமேல் கம்ப்யூட்டர் அதன் வழக்கப்படி, யாரும் தொடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மங்கும், பூட்டிக்கொள்ளும், தூங்கும்.

"நான் அங்க போறேன். நீங்க பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. யாரும் மவுஸத் தொட்டுறக் கூடாது."

அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான காரியம். விஷயம் காதுக்குக் காது பரவிக் கடைக்குள் கூடிய அத்தனை பேருக்கும் அதை ஆட்டி ஆட்டிக் கை பழகியிருந்தது. ஆளாளுக்குக் கையைக் கட்டிக்கொண்டார்கள், அக்குளில் வைத்துக்கொண்டார்கள், பக்கத்து ஆள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி தன் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உலகம்மை மண்டபத்துக்குள் நுழைந்தபோது வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தது. கந்தையா கேமராவை இறக்கி வைத்துவிட்டுத் தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். யாரோ கொட்டாவியை முழுதாக விட்டு முடித்து, "அம்மாடி" என்றார்கள்.

"வாங்கக்கா" என்றார் அப்பா. "இந்த முனையப் பிடிங்களேன்."

அவள் பிடித்தாள். அவர் மறுமுனையைப் பிடித்து ஒரு உதறு உதறினார். சிவப்பும் நீலமுமாக ஜமக்காளம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காற்றில் ஏறி மெல்ல இறங்கியது. இரண்டு பேருமாகக் குனிந்து சுருக்கத்தை இழுத்துவிட்டார்கள். குனிந்த வாக்கில் அவர் அவள் முகத்தை அருகில் பார்த்தார்.

"அம்ம வடுவாக்கா?"

"ஆமா. சின்ன வயசுல."

"சொறிஞ்சிட்டியளோ?"

"சொல்லச் சொல்லக் கேக்காமச் சொறிஞ்சிட்டேன்."

அவர் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டே, "ரெண்டு நிமிசம் கண்ணசந்துட்டு ஓடிருவேன். பிள்ள தேடும்" என்றார்.

"ஓடிருங்க" என்றாள்.

ஒவ்வொருவராக வந்து படுத்தார்கள். காய் வெட்டின மாமன்மார், பரிமாறின சித்தப்பாமார், தொட்டில் பிள்ளை, அதன் அம்மா எல்லாரும் படுத்தார்கள். மணமேடையில் கல்யாணப்பெண் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தாள். அப்பா ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தை ஜமக்காளத்தில் அழுத்திக்கொண்டார். மண்டபம் முழுக்க மூச்சுச் சத்தம் ஏறி இறங்கியது. உலகம்மை கால்மாட்டில் உட்கார்ந்து, எங்கேயாவது யாராவது மவுஸை ஆட்டிவிடக் கூடாதே என்று ஒரு மனசும், ஆட்டிவிட்டால்தான் என்ன என்று இன்னொரு மனசுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஒரு தரம் மங்கியது. அப்பாவின் குறட்டை கேட்டது. பிறகு அவள் லாரி டயர்த் தடத்துக்கு நடுவில், எலுமிச்சை வாசத்தில், வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

கடைப்பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

சாயங்காலம் வேலம்மாள் அத்தை மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏட்டி, காருதான்! அம்பாசடர் காரு! நடுவழியில டயர் பஞ்சராகி ஒன் மாமா வேட்டியத் தூக்கிக் கெட்டிக்கிட்டுத் தள்ளுனாவ!" என்று கைதட்டிச் சிரித்தாள். உலகம்மையும் சேர்ந்து சிரித்தாள். அத்தை போனபிறகு கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேப்பிலை இருந்தது. தலையணை இருந்தது. மேளம் நின்றிருந்தது. அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

அப்பா வந்தார். ஒரு கன்னம் பூராவும் நெசவுக் கோடு. சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். அம்மா, "சொறியாதட்டி, மூஞ்சில வடு விழுந்துரும்" என்று அதட்டினாள். "விழுந்தா விழுந்துட்டுப் போகுது, நல்லாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. "இன்னைக்கி மண்டபத்துல ஒரு அக்கா ஜமக்காளம் விரிக்கக் கூடப் பிடிச்சாவ. புருவத்துக்கு மேல அம்ம வடு. அது அவுகளுக்கு என்ன லட்சணமா இருந்துது தெரியுமா?"

"யாருப்பா அது?" என்று கேட்டாள் உலகம்மை.

"தெரியல தாயி" என்றார் அப்பா, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "மாப்பிள்ளை வீட்டு ஆளு போல."